பத்தாவது கேள்விக்குச் சரியான விடை

நீங்கள் கொடுத்த பேனா நன்றாக எழுதுகிறது, மேடம். பள்ளிக்கூட அலுவலகத்தில் பன்னிரண்டு வருடமாக மாற்றுச் சான்றிதழ் எழுதுகிற கை என்பதால் பேனாக்களைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் உண்டு. நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். சந்தோஷமாக எழுதித் தருகிறேன். இரண்டு தாள் போதும் என்றீர்கள், போதாது. இன்னும் ஐந்தாறு தாள் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

என் பெயர் டயானா. வயது முப்பத்தாறு. விளாங்குடியில் அம்மாவோடு இருக்கிறேன். மிஷன் பள்ளி ஒன்றில் எழுத்தர். கல்யாணம் ஆகவில்லை. அதற்கு அன்னக்கொடிதான் காரணம் என்று அம்மா சொல்லிக்கொண்டு திரிவார், நம்பாதீர்கள்.

அன்னக்கொடி யார் என்று நேற்று நீங்கள் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மன்னிக்க வேண்டும். மதுரையில் உத்தியோகம் பார்த்துக்கொண்டு அன்னக்கொடியைத் தெரியாத ஒருவரைச் சந்தித்து ரொம்ப நாளாகிறது. 'கண்டக்டர் அன்னக்கொடி' என்பது வெள்ளிக்கிழமைதோறும் மாலை ஆறு மணிக்கு இணையத்தில் வருகிற படக்கதை. அன்னக்கொடி மாட்டுத்தாவணியில் டவுன் பஸ் கண்டக்டர். அவள் விசிலை ஊதினால் ஊரே நின்ற இடத்தில் நின்றுவிடும். பூ மார்க்கெட்டில் தராசில் கொட்டுகிற மல்லிகை அந்தரத்தில் நிற்கும். டீ மாஸ்டர் ஆற்றுகிற டீ நீளக் கயிறாக நிற்கும். அவள் மட்டும் நடமாடுவாள். ஒரு தடவை படிக்கட்டில் தொங்கிய நாலு தடியன்களைத் தூக்கிப் பெண்கள் சீட்டில் உட்காரவைத்து, ஆளுக்கு இரண்டு முழம் பூவும் சூட்டிவிட்டு மறுபடி விசில் ஊதினாள். அதை அலுவலகத்தில் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் தலைமையாசிரியை சிஸ்டர் தன் அறையிலிருந்து எழுந்து வந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தார். அப்படிப்பட்ட கதை. உங்களுக்கும் சுட்டி அனுப்புகிறேன். முதல் எண்பது அத்தியாயத்தைக் கட்டாயம் படியுங்கள்.

வரைகிறவர் தன்னை மஞ்சப்பை என்று சொல்லிக்கொண்டார். முகம் கிடையாது, ஊர் கிடையாது. ஆணா பெண்ணா என்பதுகூட யாருக்கும் தெரியாது. அவருக்காக நான் தொடங்கியதுதான் 'அன்னக்கொடி பஸ் டிப்போ' என்ற ரசிகர் குழு. ஆறாயிரம் பேர் இருக்கிறார்கள். நான் நிர்வாகி. எனக்கு அடுத்த நிர்வாகி சிவக்குமார், எங்கள் தெருமுனையில் ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடை வைத்திருக்கிறான்.

மற்ற ரசிகர் குழுக்களின் லட்சணம் உங்களுக்குத் தெரியும். எங்கள் குழுவுக்குப் பன்னிரண்டு விதிகள் உண்டு, எல்லாம் நான் எழுதியவை. முதல் விதி, படைப்பாளியின் சொந்த வாழ்க்கையைத் தோண்டக் கூடாது. பெயர், முகம், முகவரி, குடும்பம் எதையும் கேட்கக் கூடாது, தெரிந்தாலும் சொல்லக் கூடாது. இதை மீறிய நாற்பத்தொரு பேரை நானே வெளியேற்றியிருக்கிறேன். ஒருவர் 'மஞ்சப்பைக்குக் கல்யாணம் ஆயிருச்சா' என்று கேட்டார். ஒரே நிமிடம், ஆள் வெளியே. இப்போது என்னைப் பற்றிப் பேப்பரில் எழுதுகிற யாரும் இந்த நாற்பத்தொன்றைப் பற்றி எழுதவில்லை. அது எனக்கு வருத்தம்தான்.

விதி ரசிகர்களுக்கு. ஒரு பொருளைக் காவல் காக்கிறவருக்கு அது எங்கே இருக்கிறது என்றாவது தெரிந்திருக்க வேண்டாமா. அந்த நல்ல எண்ணத்தில்தான் நான் தேடினேன்.

எண்பத்தொன்றாவது அத்தியாயத்திலிருந்து அன்னக்கொடி வேறு வீட்டில் இருக்கிறாள். அந்த வீட்டு ஜன்னலில் ஒரு மலை தெரியும். மதுரைக்காரர்களுக்கு நாகமலையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் பார்க்கிற இடத்துக்கு இடம் அதன் முதுகு மாறும். படத்தை அச்செடுத்துக்கொண்டு ஐந்து சனிக்கிழமை திண்டுக்கல் ரோட்டு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒவ்வொரு நிறுத்தத்திலும் மலையையும் தாளையும் பொருத்திப் பார்த்தேன். என் வாழ்க்கையிலேயே சந்தோஷமான ஐந்து சனிக்கிழமைகள் அவை. சமயநல்லூரில் இறங்கி நாலு தெரு நடந்ததும் இரண்டும் ஒட்டிக்கொண்டன, அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரி. எதிரே ஒரு மாடி வீடு. ஜன்னல் கம்பியில் மஞ்சள் பை ஒன்று தொங்கியது. எனக்கு நடுரோட்டில் குதிக்க வேண்டும்போல் இருந்தது. குதிக்கவும் செய்தேன், இரண்டு தடவை. கீழே அயர்ன் வண்டிக்காரர் பார்த்துவிட்டு, "என்னம்மா, கால்ல முள்ளா?" என்று கேட்டார்.

அங்கிருந்தே மலையைப் படமெடுத்து, 'உங்கள் ஜன்னல் எனக்குத் தெரியும்' என்று மட்டும் எழுதி மஞ்சப்பையின் பக்கத்துக்கு அனுப்பினேன். பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. அதை மனப்பாடமாகவே எழுதுகிறேன்.

"டயானாக்கா, நீங்க நல்ல மனசோடதான் செஞ்சிருப்பீங்க. ஆனா தயவுசெஞ்சு என்னையத் தேடாதீங்க. ஒருத்தர் என்னையத் தேடிக்கிட்டு இருக்காரு. அவர் கண்ணுல பட்டா என் கதை அவ்வளவுதான். அந்தப் போட்டோவ அழிச்சிருங்கக்கா."

அக்கா என்று இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறார், கவனித்தீர்களா. மூன்று வருடத்தில் யாருக்கும் பதில் போடாதவர் எனக்குப் போட்டார், அதுவும் உறவு சொல்லி. அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. படத்தை உடனே அழித்துவிட்டேன், அவர் பேச்சை மீறவில்லை. செய்தியை மட்டும் அச்செடுத்து லேமினேட் செய்து ஜெபப் புத்தகத்தில் வைத்திருக்கிறேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அன்னக்கொடி வரவில்லை. அறிவிப்பு வந்தது. இன்னும் மூன்று அத்தியாயத்தோடு கதை முடிகிறது, அதன் பிறகு மஞ்சப்பை வரைய மாட்டார், யாரும் காரணம் கேட்க வேண்டாம்.

நான் அழுதேன். கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். காரணம் எனக்குப் புரிந்தது. பாராட்ட ஆளில்லாத ஊரில் தனியாக உட்கார்ந்து வரைந்து அவருக்குச் சோர்வு வந்துவிட்டது. சனிக்கிழமை சமயநல்லூருக்குப் போய்ப் பார்த்தேன். மாடி வராந்தாவில் அட்டைப்பெட்டிகள் கயிறு கட்டி அடுக்கியிருந்தன. வீட்டைக் காலி செய்யப் போகிறார். ஒரு பெண், முப்பது வயது இருக்கும், கீழே இறங்கி வந்து காய்கறி வண்டியில் கொத்தமல்லி வாங்கினார். கட்டை முகர்ந்து பார்த்துவிட்டு லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் கைபேசியில் பிடித்துவிட்டேன். அவ்வளவு அழகான படம். முகர்கிறவர் கேமராவைப் பார்க்கவில்லை என்பதுதான் அதன் அழகு.

அவர் பெயர் சுபலட்சுமி என்பதை நீங்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நான் கேட்கவே இல்லை. முதல் விதி.

சோர்ந்த மனிதரை மதுரையில் எப்படித் தேற்றுவோம், மேடம். பிறந்தநாள் என்றால் ஃப்ளெக்ஸ் வைப்போம். காதுகுத்துக்கு வைக்கிறோம், வயதுக்கு வந்ததற்கு வைக்கிறோம், எங்கள் தெருவில் ஒரு ஜல்லிக்கட்டு மாட்டுக்கே வைத்தார்கள். அன்னக்கொடியின் பிறந்தநாள்தான் தன்னுடையதும் என்று மஞ்சப்பை ஒருமுறை எழுதியிருந்தார், அது இரண்டு வாரத்தில் வந்தது. பன்னிரண்டடிக்கு எட்டடி, நடுவில் கொத்தமல்லிச் சிரிப்பு, சுற்றிலும் நிர்வாகிகளின் வட்ட முகங்கள், கீழே பெயர்கள். அவர் வீட்டுக்கு எதிரே வைக்க வேண்டும். காலையில் ஜன்னலைத் திறந்ததும், தன் முகத்தைத் தானே அவ்வளவு பெரிதாகப் பார்த்தால் ஊரைவிட்டுப் போக மனசு வருமா.

சிவக்குமார் முதலில் மசியவில்லை.

"அக்கா, விதி ஒண்ணு என்னாச்சு?"

"அது ரசிகர்களுக்குடா. நாம குடும்பம்."

"நாம குடும்பம்னு அவுங்களுக்குத் தெரியுமா?"

"தெரியப்படுத்தத்தாண்டா ஃப்ளெக்ஸு."

அவன் தலையைச் சொறிந்துகொண்டே கம்ப்யூட்டரைப் போட்டான். எனக்கு வந்த செய்தியை நான் அவனிடம் காட்டவில்லை. ஆகவே அவனை விட்டுவிடுங்கள். அவன் செய்த ஒரே தப்பு என் முகத்தை மஞ்சப்பையின் முகத்துக்கு ரொம்பப் பக்கத்தில் போட்டது, அதுவும் நான் சொல்லித்தான்.

வடிவமைப்பு அவ்வளவு நன்றாக வந்ததால் குழுவில் பகிர்ந்தேன். எந்த ஊர் என்று சொல்லவில்லை, எனக்கு அந்தப் பொறுப்பு இருந்தது. முகத்தை மட்டும்தான் காட்டினேன். ஒரே நாளில் மூவாயிரம் பேர் அதைத் தங்கள் பக்கங்களில் போட்டார்கள். 'எங்க கண்டக்டரம்மா' என்று எழுதிக் கண்ணீர்ப் பொம்மை போட்டார்கள். தரையில் கால் படாமல் நடந்தேன்.

மாலை போடுவதற்கு ஒரு ரசிகர் வேண்டும். நிர்வாகிகளே போட்டுக்கொண்டால் தப்பாகப் பேசுவார்கள். அதனால் போட்டி வைத்தேன், பத்துக் கேள்வி. ஜெயிக்கிறவருக்கு மட்டும் இடம் சொல்லப்படும். ஒன்பது கேள்விகள் கதையைப் படித்தவர் யாரும் சொல்லிவிடலாம். பத்தாவது கேள்விக்கு எனக்கே விடை தெரியாது. முதல் எண்பது அத்தியாயத்தில் அன்னக்கொடி இருக்கிற வீட்டுக் கதவை மஞ்சப்பை எப்போதும் உள்பக்கமிருந்து வரைவார். தாழ்ப்பாள் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு ஆணி ஓட்டைகள் மட்டும் இருக்கும். எந்த அத்தியாயத்திலும் தவறாமல் நான்கு ஓட்டை. அதைப் பற்றி எங்கள் குழுவில் நடந்த சண்டைகளைத் தொகுத்தால் தனிப் புத்தகம் வரும். நான்கு திசை என்றார் ஒருவர். நான்கு மாசி வீதி என்றார் இன்னொருவர். அந்த ஓட்டைகள் ஏன் என்பதுதான் பத்தாவது கேள்வி.

முந்நூறு பேர் எழுதினார்கள். ஒருவர் மட்டும் பத்துக்குப் பத்து. 'அன்னக்கொடி பக்தன்' என்ற பெயரில் அந்த வாரம்தான் குழுவில் சேர்ந்தவர். சொந்தப் பெயர் சிவனாண்டி. இரண்டே நாளில் நூற்றைம்பது அத்தியாயத்தையும் படித்திருந்தார். பத்தாவது விடையைப் படித்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மூன்று வருடப் புதிர், ஒரே வரியில் அவிழ்ந்துவிட்டது. சரியான விடை என்று பார்த்ததுமே தெரிந்தது.

போனில் அவர் குரல் அவ்வளவு மென்மை.

"சிஸ்டர், நீங்க எம்புட்டுப் பெரிய உதவி செஞ்சிருக்கீங்கன்னு உங்களுக்கே தெரியாது. ஒரே ஒரு ஆசை. நான் மட்டும் முதல்ல மேல போயி மாலையக் குடுத்துர்றேன். நீங்கள்லாம் கீழ நின்னு நல்லாச் சத்தமாப் பாடுங்க."

"விசிலும் வச்சிருக்கோம் சார்," என்றேன்.

"ரொம்ப நல்லது சிஸ்டர். விடாம ஊதுங்க."

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து பதினொரு மணிக்குச் சமயநல்லூரில் கூடினோம். பதினான்கு பேர், எல்லாருக்கும் காக்கிச் சட்டை, கழுத்தில் விசில், தோளில் கண்டக்டர் பை. அயர்ன் வண்டிக்காரர் எங்களைப் பார்த்து அசல் கண்டக்டர்கள் ஸ்டிரைக் என்று நினைத்து, "எந்த டிப்போ?" என்று கேட்டார். எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஃப்ளெக்ஸ் ஏறியது. கேக்கில் அன்னக்கொடியின் தொப்பி. சிவனாண்டி மாட்டுத்தாவணியில் கட்டி வாங்கிய ரோஜா மாலையோடு வந்தார். வெள்ளைச் சட்டை, வகிடு எடுத்துச் சீவிய தலை. எல்லாருக்கும் வணக்கம் சொன்னார். மாடிப்படி ஏறினார். கதவு திறந்தது, அவர் நுழைந்தார், கதவு சாத்திக்கொண்டது.

பாடினோம். விசில் ஊதினோம். தெருவில் இருக்கிற நாய்கள் எல்லாம் ஊளையிட்டன, அதற்கும் சிரித்தோம். பாட்டு முடிந்ததும் மறுபடி பாடச் சொன்னேன். இரண்டாவது தடவை பாடும்போது சிவக்குமார் என் கையைப் பிடித்தான்.

"அக்கா, விசில நிப்பாட்டச் சொல்லுங்க. மேல என்னமோ சத்தம் கேக்குது."

"பாட்டு முடியட்டும்டா. வீடியோ ஓடுதுல்ல."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மாடிப்படியில் ஓடினான். கதவைத் தோளால் இடித்தான். ஐந்தாவது இடிக்கு விட்டுக்கொடுத்தது என்று பிறகு சொன்னார்கள். நான் போகவில்லை. கேக்கை யாராவது பிடித்துக்கொள்ள வேண்டுமே.

சுபலட்சுமிக்கு வலது மணிக்கட்டில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு, தலையில் ஒன்பது தையல். சிவனாண்டி அவருடைய புருஷன். அவர் உங்கள் காவலில் இருக்கிறார், ஆகவே அவரைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை. சிவக்குமார் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நேற்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. நானும் அதைக் குழுவில் கேட்கலாம் என்றிருக்கிறேன்.

இதுவரை எழுதியது நேற்று வாயால் சொன்னதுதான். சிவனாண்டி யார் என்று எனக்குத் தெரியாது என்றும் நேற்று சொன்னேன். என் கைபேசி உங்களிடம் இருக்கிறது, எப்படியும் இன்று படித்துவிடுவீர்கள், அதற்கு முன் நானே எழுதுவதுதான் மரியாதை. பத்தாவது கேள்விக்குச் சிவனாண்டி எழுதிய விடை இது.

'உள்ள போயி தாழ் போட்டுக்கிருவா. அதான் தாழ்ப்பாளக் கழட்டிட்டேன். நாலு ஸ்க்ரூ.'

'கழட்டிட்டேன்' என்று இருந்தது. தமிழ் படித்தவள்தானே, எனக்குப் புரிந்தது. என்னைத் தேடுகிற ஒருத்தர் என்று மஞ்சப்பை எழுதிய அந்த ஒருத்தர் இவர்தான் என்று தெரிந்தது. அதன் பிறகுதான் 'வாழ்த்துகள், பத்துக்குப் பத்து' என்று எழுதி, தெருப் பெயரையும் கதவு எண்ணையும் கீழே சேர்த்து அனுப்பினேன். கதவு எண்ணைச் சரிபார்க்க ஒருமுறை நேரில் போய் வந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

கோபப்படாமல் கேளுங்கள், மேடம். அந்த எண்பது அத்தியாயமும் தாழ்ப்பாள் இல்லாத வீட்டில் வரைந்தவை. வெளியே பூட்டிவிட்டுச் சிவனாண்டி வேலைக்குப் போன பிறகு, அவருக்குத் தெரியாமல் வரைந்தவை. ஊரையே நிறுத்துகிற விசில் அங்கேதான் பிறந்தது. சமயநல்லூருக்கு வந்த பிறகு ஜன்னல் வந்தது, மலை வந்தது, கொத்தமல்லி வந்தது, கதை கொஞ்சம் நீர்த்துப் போனது. உண்மையான ரசிகர் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். போனில் நான் சிவனாண்டியிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். மஞ்சப்பை வீடு மாறிப் போகாமல் பார்த்துக்கொள்வீர்களா என்று. "இனிமே அவ எங்கயும் போக மாட்டா சிஸ்டர்," என்றார். எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா. பூட்டி வைத்தாவது வரையட்டும் என்றுதான் நினைத்தேன். கையில் அடிப்பார் என்று நினைக்கவில்லை. வேறு எங்காவது என்றால் வரைவதற்குப் பாதகமில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. முதல் பாட்டின் நடுவில் சுபலட்சுமி ஜன்னலுக்கு வந்தார். ஃப்ளெக்ஸில் என் முகமும் பெயரும் இருந்ததால் அடையாளம் தெரிந்திருக்கிறது. "டயானாக்கா, கதவு," என்றார். அவர் குரலை அன்றுதான் முதல்முதலாகக் கேட்டேன். நான் கற்பனை செய்திருந்ததைவிடக் கொஞ்சம் கட்டைக் குரல். ஆறாயிரம் பேரில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பின்னாலிருந்து ஒரு கை வந்து அவர் முடியைப் பிடித்தது. மற்றவர்கள் ஃப்ளெக்ஸைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தார்கள், யாரும் கவனிக்கவில்லை. அவர்கள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் நான் விசிலை எடுத்து, எல்லாரையும்விடச் சத்தமாக ஊதினேன். மறுபடி பாடச் சொன்னது அதற்குப் பிறகு.

என் மீதான நடவடிக்கையை நானே எடுத்துவிட்டேன். முதல் விதியை மீறியதற்காக நாற்பத்திரண்டாவது ஆளாக என்னைக் குழுவிலிருந்து ஒரு வாரத்துக்கு நீக்கியிருக்கிறேன். சலுகை காட்டவில்லை.

மருத்துவமனைக்கு நேற்று காலையும் போனேன், உங்களிடம் வருவதற்கு முன்னால். வரவேற்பில் இருந்த பெண் எந்த வார்டு என்று சொல்ல மறுத்துவிட்டார். தன்னைப் பற்றி யாரிடமும் சொல்லக் கூடாது என்று சுபலட்சுமி எழுதிக் கொடுத்திருக்கிறாராம். அதை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். இந்தக் காலத்து ரசிகர்களை நம்ப முடியாது. மூன்று அத்தியாயத்தில் ஒன்றுதான் வந்திருக்கிறது, இரண்டு பாக்கி, ஆனால் அதைப் பற்றி இப்போது பேச மாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி கொடுப்பேன், அவ்வளவுதான். அந்த 'யாரிடமும்' என்பதில் அவர் என்னைச் சேர்த்திருக்க மாட்டார் என்பது இவ்வளவும் படித்த உங்களுக்குத் தெரியும், வார்டு எண்ணை மட்டும் இந்தத் தாளின் கீழே எழுதிக் கொடுங்கள், இடம் விட்டிருக்கிறேன்.